வெளியே போகாத துரை

துரை மறுபடியும் போய்விட்டார். இந்தத் தடவை, கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாயின் மேல்.

"இஞ்ச வந்து பாருங்க, ஒங்க துரை செஞ்ச காரியத்த!" என்று உள்ளேயிருந்து அன்னக்கிளியின் குரல் வந்தது.

முத்துநாயகம் முகத்தில் பாதி சோப்புடன் ஓடினான். பாயின் நடுவில் ஒரு சின்னக் குளம். குளக்கரையில், முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு வெள்ளை நாய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. கொடுத்த வேலையைச் சரியாகச் செய்து முடித்த நிம்மதி அதன் முகத்தில்.

"வெள்ளக்காரனெல்லாம் கப்பலேறிட்டான். இந்தத் துரை மட்டும் எனக்க வீட்ட விட்டு இறங்க மாட்டேங்குது" என்றாள் அன்னக்கிளி.

"சின்ன நாய்தான, கிளி..."

"கொஞ்சலெல்லாம் பொறவு வச்சுக்கிடலாம். ஞாயித்துக்கிழம எங்க அப்பா வாறாரு. அதுக்குள்ள இந்தச் சவம் வெளியில போய்ப் பழகணும். இல்லேன்னா நான் அப்பாகூட சுசீந்திரத்துக்குப் போயிருவேன். நீங்களும் துரையும் மாறி மாறித் தொடச்சுக்கிட்டுக் கெடங்க!"

சொன்னதோடு நிற்காமல், தன் தகரப்பெட்டியை இழுத்து வாசலுக்கு நேராக வைத்தாள். கல்யாணமாகி முழுசாக மூன்று மாசம்கூட ஆகவில்லை.

முத்துநாயகம் தேரிவிளை நகரசபையின் புது சானிட்டரி இன்ஸ்பெக்டர். அவனுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த மத்தியாஸ், கொல்லத்துக்கு மாற்றலாகிப் போகும்போது, சர்க்கார் வீட்டின் சாவியையும் பினாயில் டின்களையும் ஒப்படைத்த கையோடு நாயையும் ஒப்படைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிவிட்டார்.

வீட்டைச் சுற்றிக் கையளவு மண் கிடையாது. படி இறங்கினால் தெரு. எதிரே நீளமான சுவர். 'இங்கு அசுத்தம் செய்பவர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்று அதில் தாரினால் எழுதியிருந்தது. ஊரில் சுவர் கண்ட இடமெல்லாம் அதே எழுத்துதான். பகல் முழுவதும் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு, சுவரோரம் ஒதுங்குகிறவர்களைத் துரத்துவது முத்துநாயகத்தின் உத்தியோகம். 'வெளியே போகாதே' என்று ஊரை அதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, 'வெளியே போயேன்' என்று நாயைக் கெஞ்சவேண்டியிருந்தது.

மறுநாள் விடியும்போதே துரையைக் கயிற்றில் கட்டிச் சுவரடிக்குக் கூட்டிப்போனான். துரை சுவரை அண்ணாந்து பார்த்தது. காதுகள் தொங்கின. வால் பின்னங்கால்களுக்கு நடுவில் போயிற்று. வந்த வழியே அவனை இழுத்துக்கொண்டு ஓடி, வீட்டுக்குள் நுழைந்து, அரிசிப் பானைக்குப் பக்கத்தில் ஆனந்தமாகக் காலைத் தூக்கியது.

தெருமுனையில் டீக்கடை வைத்திருந்த ரசலையன்தான் முதல் யோசனையைச் சொன்னார்.

"நாய்க்கு மணம் வேணும் சார். வேற எவனாவது போன எடத்துலதான் அதுவும் போவும். நீங்க பினாயில ஊத்தி ஊத்தித் தெருவ ஆஸ்பத்திரி கணக்கால்லா ஆக்கி வச்சிருக்கீங்க! அந்த வாயில்லாச் சீவன் என்ன செய்யும்?"

நியாயமாகத்தான் பட்டது. எதிர்ச் சுவருக்கு மட்டும் பினாயில் வேண்டாம் என்று தொழிலாளர்களிடம் சொல்லிவைத்தான். அந்தப் பக்கம் சைக்கிள் விடுவதையும் நிறுத்திக்கொண்டான். செய்தி ஊருக்குள் எப்படிப் பரவியதோ, சந்தைக்கு வந்தவர்கள், கோர்ட்டுக்கு வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் அந்தச் சுவரைத் தேடி வரத்தொடங்கினார்கள். இரண்டே நாளில் தெருவில் மூக்கைத் திறக்க முடியவில்லை.

"நான் நாய்க்கு ஒரு வழி சொன்னேன். நீங்க ஊருக்கே லைசென்ஸ் குடுத்துட்டீங்களே சார்!" என்று ரசலையன் தலையில் கைவைத்தார். "கடைக்கு ஒரு ஈ வரல்ல. ஈயெல்லாம் அங்கல்லா போச்சு!"

அத்தனை மணத்துக்கும் நடுவில் துரையைக் கொண்டுபோய் நிறுத்தினான். துரை மூக்கைச் சுளித்துக்கொண்டு, ஒரு கலெக்டரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இனி கண்டிப்புத்தான் என்று ஒரு பகல் முழுக்க வாசலில் கட்டிப்போட்டான். துரை ஊளையிட்ட ஊளையில் அந்த வீட்டில் ஏதோ துக்கம் என்று நாலு பெண்கள் விசாரிக்க வந்தார்கள். கயிற்றை அவிழ்த்ததுதான் தாமதம், ஜன்னல் வழியாக உள்ளே பாய்ந்தது. நாற்காலியில் முத்துநாயகத்தின் காக்கித் தொப்பி மல்லாந்து கிடந்தது.

"இத்தன நாளும் எனக்க பாய். இப்பம் சர்க்கார் தொப்பி" என்றாள் அன்னக்கிளி. "கொள்ளாம்! துரைக்கு உத்தியோக உயர்வு வந்தாச்சு."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடைசி முயற்சியாக, விடியுமுன்பே இரண்டு இளநீரைத் துரைக்குக் குடிக்கக் கொடுத்தான். வயிறு மத்தளம்போல ஆனதும் சுவரடிக்குக் கூட்டிப்போனான்.

"போ மக்கா. எனக்க ராசால்லா. ஒரே ஒரு சொட்டு போதும்!"

துரை நடுங்கிக்கொண்டே அவனைப் பார்த்தது. பாவம், இதற்கு எப்படி என்று தெரியவில்லையோ? முத்துநாயகம் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். ஆள் நடமாட்டம் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டினான். ஒரு கையைச் சுவரில் ஊன்றினான். மெதுவாக வலது காலைத் தூக்கினான்.

"பாத்தியா? இப்பிடி. இவ்வளவுதான்!"

"மருமவனே!"

முதல் பஸ்ஸில் வந்திறங்கிய மாமனார் தாணுலிங்கம், ஒரு கையில் குடையும் மறு கையில் முறுக்குப் பையுமாக நின்றுகொண்டிருந்தார். முத்துநாயகத்துக்குக் காலைக் கீழே வைக்கவேண்டும் என்பதே மறந்துபோயிற்று.

"ஒண்ணுமில்ல மாமா. நாய்க்குச் சொல்லிக் குடுக்கேன்."

"நாய்க்கு நீரு சொல்லிக் குடுக்கேரா? உலகத்துல மனுசன்லா அதப் பாத்துப் படிச்சுக் கெட்டுப்போனான்!"

வீட்டுக்குள் வந்து அவர் முறுக்குப் பையைத் தரையில் வைத்தார். துரை குடித்த இளநீர் இரண்டும் அதன் மேல் இறங்கின.

தாணுலிங்கம் உட்காரவில்லை. "ஏட்டி, பெட்டிய எடு" என்றார். "புத்தி பேதலிச்சவன்கிட்ட ஒன்ன விட்டுட்டுப் போவ எனக்கு மனசில்ல."

அன்னக்கிளி பெட்டியைத் தூக்கினாள். வாசல்வரை போனாள். ஈரத் துணியுடன் தரையில் உட்கார்ந்திருந்த புருஷனை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். படி இறங்கக் கால் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் தெருவிலிருந்து ஒரு பெண் வேகமாகப் படியேறி வந்தாள்.

"நான் செசிலி. மத்தியாஸ் இன்ஸ்பெக்டருக்க பெண்டாட்டி. முட்டத்துக்குத் திருநாளுக்குப் போற வழி. துரையக் காணாம போவ மனசு கேக்கல்ல."

துரை அவள்மேல் தாவிக் குதித்தது. அவள் பார்வை நனைந்த பையின் மேல் விழுந்தது. முகம் மலர்ந்துவிட்டது.

"எனக்க தங்கமே, மறக்கல்லியே!" என்று நாயைத் தூக்கி முத்தமிட்டாள். "தெருவுல எங்கயும் காலத் தூக்கல்லியே?"

"அது தூக்கல்ல" என்றார் தாணுலிங்கம்.

"எப்பிடித் தூக்கும்? இன்ஸ்பெக்டர் வீட்டு நாயே தெருவ அசுத்தம் பண்ணுனா ஊரு சிரிக்கும்லா? சொவருகிட்ட போனா பிரம்படி. வீட்டுக்குள்ள சாக்குல போனா ஒரு பிஸ்கட்டு. அப்பிடில்லா எங்க வீட்டுக்காரரு பழக்குனது!"

அன்னக்கிளி பெட்டியைத் தொப்பென்று கீழே போட்டாள். அதன் மேலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"பாவம், பிஸ்கட்டுக்குல்லா வாலாட்டிட்டு நின்னுருக்கு!" என்றவள், புருஷனைப் பார்த்து, "பெட்டிய உள்ள கொண்டு வைங்க. ஒரு சாக்கும் எடுத்துப் போடுங்க" என்றாள்.

முத்துநாயகம் பெட்டியை அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினான். தாணுலிங்கம் கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரு நாய இந்த அளவுக்குப் பழக்கியிருக்காரே! ஒங்க வீட்டுக்காரரு பெரிய ஆளுதாம்மா."

செசிலி ஜன்னல் வழியாக எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அங்கே வரிசையாக ஐந்தாறு பேர் முதுகு காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நாய மட்டுமா பழக்குனாரு? இந்த ஊருக்காரங்களையும் சேத்துத்தான் பழக்குனாரு. படிச்சது இது ஒண்ணுதான்."