ஊதாத் தண்ணீர்

ஆறு செக்கர்களும் அடுத்தடுத்து எழுந்து, தங்கள் வாயில் ஒரு சொட்டு மதுகூடப் பட்டதில்லை என்று சத்தியம் செய்துவிட்டதால் விஜயத்தின் பாடம் அந்த இடத்திலேயே நின்றுபோயிற்று.

தம்பானூரில் அனந்தபத்மநாபன் முதலாளியின் மோட்டார் ஷெட்டை ஒட்டிய ஓட்டுக் கட்டடத்தில் நடந்தது அந்த வகுப்பு. இரண்டு மாதத்துக்கு முன்னால் முதலாளியின் பஸ் ஒன்று விழிஞ்ஞம் போகும் வழியில் வயலுக்குள் இறங்கிவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆபத்தில்லை. ஆனால் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு, "விழிஞ்ஞம் வந்தாச்சு, எல்லாரும் எறங்கிக்கோங்க" என்று டிரைவர் சொன்னது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கம்பெனியின் லைசன்ஸை நிறுத்திவிட்டார்கள். எட்டு பஸ்கள் ஷெட்டில் தூங்கின; நாற்பது குடும்பங்கள் முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அப்போதுதான் முதலாளி ஏதோ அமெரிக்கப் பத்திரிகையில் படித்துவிட்டு, பம்பாய் வழியாக ஒரு மரப்பெட்டியை வரவழைத்தார். உள்ளே ரப்பர் பலூன்களும் கண்ணாடிக் குழாய்களும் இருந்தன. ஆள் பலூனுக்குள் ஊத வேண்டும். அந்தக் காற்றைக் குழாயில் இருக்கும் ஊதா நிறத் தண்ணீருக்குள் விட வேண்டும். ஊதினவன் குடித்திருந்தால் நிறம் போய்த் தண்ணீர் வெளுத்துவிடும். குடிக்காதவன் என்றால் ஊதா ஊதாவாகவே நிற்கும்.

இதைச் செக்கர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, ரசாயனத்தில் பட்டம் வாங்கிவிட்டுக் கரமனை அக்ரஹாரத்தில் சும்மா இருந்த விஜயத்தை ஒரு மாதத்துக்கு நியமித்தார் முதலாளி. சோதனை ஜெயித்தால் வேலை நிரந்தரம். தோற்றால் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம் என்று அப்பா நாள் பார்த்து வைத்திருந்தார்.

நாளைக் காலை பத்து மணிக்கு லைசன்ஸ் அதிகாரி நேரில் பார்க்க வருகிறார். குடித்தவன் ஒருவன், குடிக்காதவன் ஒருவன், இரண்டு பேரையும் ஊதவைத்துக் காட்ட வேண்டும். குடிக்காதவனுக்குப் பஞ்சமில்லை. தலைமைச் செக்கர் அழகியநம்பி ஒருவரே போதும். ஏகாதசி தவறாதவர், கள்ளுக்கடை இருக்கும் தெருவில் நடக்கமாட்டார், மதுவின் தீமையைப் பற்றி யார் நின்றாலும் அரைமணி பேசுவார். குடித்தவனுக்குத்தான் தட்டுப்பாடு.

வயலில் பஸ்ஸை இறக்கிய டிரைவருக்கே ஆள் அனுப்பினார்கள். அவர் பழனிக்கு மாலை போட்டிருந்தார். போன ஆளை உட்காரவைத்து, குடியை விட்டுவிடும்படி ஒரு மணி நேரம் புத்தி சொல்லி அனுப்பினார்.

முதலாளி பொறுமை இழந்தார். டாக்டரிடம் சீட்டு வாங்கி அரைப் பாட்டில் பிராந்தி வரவழைத்தார். செக்கர்களில் இளையவனான சிவதாணுவைக் கூப்பிட்டு, நாளைக் காலை ஒன்பதரைக்கு இரண்டு அவுன்ஸ் குடித்துவிட்டு வரவேண்டும், இது கம்பெனி உத்தரவு என்றார். சிவதாணு முகம் வெளுத்து, தலையை ஆட்டினான்.

மறுநாள் அதிகாரி வந்து உட்கார்ந்தார். சிவதாணு கதவைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தான். முதலாளியை "மாப்பிளே" என்று கூப்பிட்டான். அதிகாரி திருப்தியாகத் தலையசைத்தார். சிவதாணு கண் பிதுங்க ஊதினான். விஜயம் பலூனைக் குழாயில் பொருத்திக் காற்றை விட்டாள். தண்ணீர் குமிழிட்டது. ஊதா அப்படியே இருந்தது.

அடுத்து அழகியநம்பி வந்தார். அதிகாரிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கண்ணை மூடி, கோவிலில் சங்கு ஊதுகிறவர்போல ஊதினார். ஊதா இளஞ்சிவப்பாகி, இளஞ்சிவப்பு பழுப்பாகி, குழாயில் கிணற்றுத் தண்ணீர்போல வெள்ளையாக நின்றது.

பலூன் மாறியிருக்கும் என்றார் முதலாளி. விஜயம் புதுப் பலூனும் புதுத் தண்ணீரும் எடுத்தாள். அதே கதை. வாயில் வேறு ஏதோ வாசனை இருக்கும் என்று அழகியநம்பிக்கு ஏலக்காய் கொடுத்து வாய் கொப்பளிக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை இன்னும் சீக்கிரம் வெளுத்தது.

அதிகாரி பைலை மூடினார். முதலாளி விஜயத்தை ஜன்னலோரம் அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சரே, ஒரு வழி உண்டு. ஊதா நின்னா குடிச்சவன், வெளுத்தா குடிக்காதவன். நீ மாத்திச் சொல்லிட்டேன்னு அவர்கிட்டே சொல்லு. காரியம் முடிஞ்சுது."

விஜயத்துக்கு ஒரு நிமிஷம் எல்லாம் தெரிந்தது. நிரந்தர வேலை, ஷெட்டில் தூங்கும் எட்டு பஸ்கள், அப்பா பார்த்துவைத்த நாள். கூடவே இன்னொன்றும் தெரிந்தது.

"சொல்லிடலாம். நாளைக்குக் குடிச்சவனை வண்டியிலே ஏத்திட்டு, குடிக்காதவனை வீட்டுக்கு அனுப்புவோம். இந்தத் தடவை வயலிலே போகாது, கரமனை ஆத்துலே போகும்" என்றாள்.

பிறகு நேரே அதிகாரியின் முன்னால் போய் நின்றாள்.

"தண்ணி சொல்றதுதான் சார் சரி. பொய் சொல்றது மனுஷாள்."

அவளே ஒரு பலூனை எடுத்து ஊதினாள். ஊதா நின்றது. அதிகாரியிடமும் ஒன்றை நீட்டினாள். முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி சற்று யோசித்துவிட்டு ஊதினார். அதுவும் ஊதாவாகவே நின்றது. அவர் மீசைக்குள் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது.

விஜயம் சிவதாணுவின் பக்கம் திரும்பினாள். அவனை உற்றுப் பார்த்தாள். அவன் தள்ளாட்டத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நின்றான்.

"டீச்சரே, நான் குடிச்சது பால் விடாத கட்டஞ்சாயாவாக்கும். பிராந்திய வாழ மரத்து மூட்டுல ஊத்திட்டேன். வீட்டுக்காரி முத்தாரம்மாள் மூத்த பிள்ள தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்கா. முதலாளி வேலையத்தான் எடுப்பாரு, அவ என்னையே எடுத்துருவா."

அதிகாரி உரக்கச் சிரித்தார். முதலாளிக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. ஆனால் குழாய் சொன்னது சரியாகிவிட்டது. இப்போது எல்லார் கண்ணும் அழகியநம்பியின் மேல் திரும்பியது.

அவர், ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஒரு பழியா என்று கேட்டுவிட்டு, தோல்பையைத் திறந்து ஒரு மருந்துப் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். வாயுத் தொல்லைக்குத் தசமூலாரிஷ்டம் சாப்பிடுவதாகவும், கரமனைப் பாலத்துக்குப் பக்கத்து வைத்தியர் போன வாரம்தான் கொடுத்தது என்றும், தினம் மூன்று வேளை என்றும் சொன்னார். காலையில்கூட ஒரு வேளை ஆயிற்றாம்.

விஜயம் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தாள். லாபரட்டரி ஸ்பிரிட்டின் நெடி லேசாக வந்தது. இரண்டு சொட்டை ஊதாத் தண்ணீரில் விட்டாள். பளிச்சென்று வெளுத்தது.

அவளுக்குள் ஒரு வெளிச்சம் பரவியது. அரிஷ்டம் என்பது வெல்லமும் மூலிகையும் மாதக்கணக்கில் புளிக்கவைத்துச் செய்வது. புளித்தால் சாராயம் உண்டாகும். மருந்தானாலும் குழாய்க்குத் தெரிந்துவிடும் என்று விளக்கினாள். குடித்ததாக நடித்தவனையும் கண்டுபிடித்தது, குடித்தது தெரியாமல் குடித்தவரையும் கண்டுபிடித்தது என்றாள். தன் தாயாரும் இதே அரிஷ்டம்தான் சாப்பிடுகிறார் என்று அதிகாரி தாழ்ந்த குரலில் ஒப்புக்கொண்டார்.

அங்கேயே கையெழுத்தாயிற்று. லைசன்ஸ் திரும்பி வந்தது. வண்டி எடுக்கும் முன் அரிஷ்டம் சாப்பிடக்கூடாது என்று ஒரு வரியையும் அதிகாரி தன் கைப்படச் சேர்த்தார். ஷெட்டில் எட்டு பஸ்களும் ஒன்றாக ஹாரன் அடித்தன. விஜயத்தின் வேலை நிரந்தரமாயிற்று. சிவதாணுவின் வேலையும் தப்பியது. பழி நீங்கிய அழகியநம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் மனது புண்பட்டதற்குப் பரிகாரமாக, நாளை முதல் டிரைவர்களை ஊதவைக்கும் பொறுப்பு முழுவதையும் முதலாளி அவரிடமே ஒப்படைத்தார்.

எல்லாரும் பால்பாயசம் சாப்பிடப் போனபின் விஜயம் குழாய்களை அடுக்கினாள். ஆபீஸ் பெருக்கும் எலிசாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழுவிக்கொடுத்தாள். விஜயத்துக்குப் பேச்சு நிற்கவில்லை. நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொன்னாள். அப்பாவிடம் இன்று எப்படிச் சொல்லப்போகிறேன் என்பதையும் சொன்னாள். கடைசியில், தன் அம்மாவுக்கும் வாயுத் தொல்லை உண்டு, போகிற வழியில் அதே அரிஷ்டம் ஒரு பாட்டில் வாங்கவேண்டும், எலிசாளுக்கு வீடு பாலத்தடியில்தானே, அந்த வைத்தியர் கடை எந்தப் பக்கம் என்று கேட்டாள்.

எலிசாள் கையிலிருந்த குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அந்த வைத்தியரு கடையப் பூட்டிப்போட்டு, மகளுக்க கூட கொல்லத்துக்குப் போயி வருஷம் ரெண்டாச்சே, டீச்சரம்மா."