ஐம்பத்தாறு மணி நேரத் தெரு

சரியாக ஐம்பத்தாறு மணி நேரம் வாழ்ந்தது ராஜாமணி நகர் முதல் தெரு. ஆயிரம் வருஷமாக ஒரே இடத்தில் கிடக்கும் தெருக்கள் சாதிக்காததை அது அதற்குள் சாதித்தது. 1964ஆம் வருஷம் மாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் காலை எட்டு மணிக்குப் பிறந்தது. சனிக்கிழமை அதிகாரிகளின் பரிசோதனையில் முதல் வகுப்பில் தேறியது. ஞாயிறு மாலை நாலு மணிக்கு, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் புறப்பட்டுப் போய்விட்டது.

கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறி, மேட்டுமணல் என்று கேட்டு இறங்கினால் அந்த இடம் வரும். சவுக்குத் தோப்பை அழித்து நாற்பது மனையாகப் பிரித்தவர் ராஜாமணி. மனை விற்பவன் தெருவையும் தர வேண்டும் என்ற உயர்ந்த கொள்கை உடையது மேட்டுமணல் டவுன் பஞ்சாயத்து. இருவரும் பதினொரு ஷரத்துகளில் ஒப்பந்தம் எழுதினார்கள். முப்பதடி அகலம், இருபுறமும் கருங்கல் பாவிய சாக்கடை, எட்டு விளக்குக் கம்பம், இருபத்து நாலு மரம், நல்ல தண்ணீர் வரும் பொதுக் குழாய் ஒன்று. எல்லாவற்றையும் ராஜாமணி செய்து முடித்து, குடியிருப்பவர் ஒருவர் ‘பார்த்தேன், திருப்தி’ என்று கையெழுத்திட்டால் தெருவைப் பஞ்சாயத்து ஏற்றுக்கொள்ளும். அதன்பின் பொறுப்பு பஞ்சாயத்துடையது. வீட்டுக்கு வீடு குழாய் போடுவதும் அதன் பொறுப்பு.

குடியிருப்பவர் என்று அங்கே இருந்தது ஒரே வீடுதான். பதினேழாம் மனை, அமிர்தம் டீச்சர் வீடு. குப்பத்திலிருந்து படித்து வேலைக்கு வந்த முதல் பெண் அவள். வகுப்பில் அவள் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்கும். வகுப்புக்கு வெளியே முதல் பெஞ்சுக்கே கேட்காது. தண்ணீர்க் குழாய் உண்டு என்று சொல்லித்தான் அம்மா குப்புவைக் குப்பத்திலிருந்து அழைத்து வந்திருந்தாள். வீட்டில் தோண்டிய கிணற்றில் கடல் வந்தது. நல்ல தண்ணீருக்கு நாலு பர்லாங்கு நடக்க வேண்டும், காலையில் இரண்டு குடம், மாலையில் இரண்டு குடம்.

“ஆடி பொறந்தா நான் குப்பத்துக்கே போயிடறேன்டி,” என்று குப்பு சொல்லியிருந்தாள். “அங்க மீன் நாத்தம் அடிக்கும். ஆனா மூஞ்சி கழுவ தண்ணி உண்டு.”

ஆகவே வெள்ளிக்கிழமை காலை ராஜாமணியின் மேஸ்திரி கலியபெருமாள் வண்டிகளோடு வந்து இறங்கியபோது, அமிர்தத்துக்கு நெஞ்சு நிறைந்தது. சாயங்காலத்துக்குள் தெரு எழுந்து நின்றது. கருங்கற்கள் சுண்ணாம்பின் உதவியை நாடாமல், ஒன்றையொன்று நம்பி உட்கார்ந்திருந்தன. பூவரசங் கிளைகளை வெட்டி நட்ட இருபத்து நாலு போத்துகள் மரங்கள் என்ற பதவியை ஏற்றன. எட்டுக் கம்பத்திலும் பல்பு இருந்தது. பல்பு இருக்க வேண்டும் என்றுதான் ஷரத்து. எரிய வேண்டும் என்று எழுதி யாரையும் சங்கடப்படுத்தவில்லை. அமிர்தம் வீட்டு மதிலை ஒட்டிச் செங்கல் தூண் கட்டி, பித்தளைக் குழாய் பொருத்தி, பொட்டு வைத்தார்கள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு நிர்வாக அதிகாரி சுப்பிரமணியன் வந்தார். ஓவர்சியர் சுப்பராயலு டேப்போடு வந்தார். சுப்பராயலுவைப் போல ஒரு கடமை வீரரைக் காண்பது அரிது. மரத்தின் சுற்றளவைக் கால் அங்குலம் வரை அளந்தார். கம்பத்தின் உயரத்தை இரண்டு தடவை அளந்தார். மண்ணுக்குள் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை மட்டும் அளக்கவில்லை. ஷரத்துகள் பதினொன்றும் மண்ணுக்கு மேலே இருப்பதைப் பற்றியவை.

“டீச்சர் எங்க?” என்று அதிகாரி கேட்டார்.

“பின்னாடி வேலையா இருக்குது,” என்றாள் குப்பு.

சுப்பராயலு குழாயைத் திறந்தார். லேசாக இருமிவிட்டுத் தண்ணீர் வந்தது. அதிகாரி ஒரு டம்ளர் பிடித்துக் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு டம்ளர் குடித்தார். சுப்பராயலு ‘சுவை நன்று’ என்று கோப்பில் எழுதி அடிக்கோடிட்டார். பிறகு அமிர்தம் வந்து, ‘பார்த்தேன், திருப்தி’ என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். கை ஈரமாக இருந்ததால் மை கொஞ்சம் கசிந்தது. நிர்வாகம் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அன்று மத்தியானம் அந்த வீட்டில் உலை வைக்கவில்லை. அது கோப்பில் ஏறவில்லை.

ஞாயிறு மத்தியானம் கலியபெருமாள் அதே வண்டிகளோடு திரும்பி வந்தான். கம்பங்களைச் சாய்த்தார்கள், கற்களை அடுக்கினார்கள், குழாயைத் தூணோடு பெயர்த்தார்கள். அமிர்தம் வாசலில் நின்று பார்த்தாள். குப்புதான் கேட்டாள்.

“ஏம்பா, தெருவ எங்க கொண்டுக்கினு போற?”

“சிதம்பரத்துக்கு ஆயா. அங்க ஒரு நகர் போட்டிருக்காரு மொதலாளி. நாளைக்கு அதுக்கு ஆபீசருங்க வர்றாங்க. இதே சாமான்தான்.”

“எங்களுக்கு?”

“உங்களுதுதான் பாஸாயிடுச்சே, இன்னும் என்னா?”

இருபத்து மூன்று மரங்களைப் பிடுங்கியாயிற்று. இருபத்து நாலாவதில் குப்பு கயிறு கட்டிக் கருவாடு காயப்போட்டிருந்தாள். காயட்டும், அப்புறம் எடுத்துக்கொள் என்றாள். காற்று அவன் பக்கம் வீசியது. கலியபெருமாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியேறினான்.

ஒரு மாதம் காத்திருந்துவிட்டு அமிர்தம் பஞ்சாயத்துக்கு மனு எழுதினாள். தெருவில் குழாய் இல்லை, விளக்கு இல்லை, சாக்கடை இல்லை, மரம் இல்லை. பஞ்சாயத்து பதினைந்தே நாளில் பதில் போட்டது. மேற்படி பொருள்கள் யாவும் கோப்பில் நல்ல நிலையில் உள்ளன. இருக்கும் தண்ணீரை இன்னொரு முறை தருவதற்கு விதியில் இடமில்லை. அவள் மீண்டும் எழுதினாள். போலீஸிலும் சொன்னாள். காணாமல் போன பொருளின் நீளம் என்ன என்று ஏட்டையா கேட்டாராம். அறுநூறு அடி என்றதும் பேனாவை மூடி வைத்துவிட்டாராம்.

மூன்றாவது மனு போனபின், வைகாசி வெயிலில் அதிகாரியும் ஓவர்சியரும் நேரில் வந்தார்கள். தெரு இருந்த இடத்தில் மணல் இருந்தது. சுப்பராயலு கலங்கவில்லை. மணலை முப்பதடி அளந்தார், சரியாக இருந்தது. பிறகு பதினேழாம் மனை வாசலைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

கருவாட்டுக் கயிறு கட்டிய பூவரசு வேர் பிடித்து, ஆளுயரத்துக்குப் பச்சைப்பசேலென்று தழைத்திருந்தது. உச்சியில் ஒரு மஞ்சள் பூ.

“மரம் இல்லைன்னு மூணு மனுவுலயும் எழுதியிருக்கீங்க,” என்றார் சுப்பராயலு. “இது என்னாது?”

அது ஒன்றுதான் மிச்சம், அதுவும் அவர்கள் விட்டுப் போனதல்ல என்று அமிர்தம் சொல்லியிருக்கலாம்.

“மாசிக்கப்புறம் இந்தப் பக்கம் ஒரு தூத்தல் இல்ல. தண்ணியே இல்லைன்னும் எழுதியிருக்கீங்க. தண்ணி இல்லாம மரம் எப்படி தழைக்கும்? நீங்க பிள்ளைங்களுக்கு சயின்ஸ் சொல்லிக் குடுக்கறவங்க. நீங்களே சொல்லுங்க.”

விஞ்ஞானம் இப்படிப் பஞ்சாயத்தின் பக்கம் சேர்ந்துகொண்டது. அதிகாரி வருத்தத்துடன் கோப்பைத் திறந்தார். பொய் மனு கொடுத்த ஆசிரியை என்று கல்வி இலாகாவுக்கு எழுத வேண்டியிருக்கும் என்றார். வேலை போகலாம். ஆனால் அவர் இரக்கமுள்ளவர். மனுக்களைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். பேனாவை அவரே மூடி கழற்றி நீட்டினார்.

அமிர்தம் பேனாவை வாங்கவில்லை.

“மரத்துக்கு ஊத்தறது அரிசி களைஞ்ச தண்ணிங்க,” என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். “அந்தத் தண்ணிய நாலு பர்லாங்கு நடந்து நான் தூக்கியாறேன்.”

“சரி, மரத்துக்கு அப்படி. அன்னிக்குக் குழாயில வந்தது? ஐயாவே ரெண்டு டம்ளர் குடிச்சாரு. சுவை நன்றுன்னு எழுதியிருக்கு. அடிக்கோடு வேற போட்டிருக்கு.”

அமிர்தம் அம்மாவைப் பார்த்தாள். குப்பு கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, “சொல்லேன்டி,” என்றாள்.

இந்தத் தடவை அவள் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்டது.

“அதுவும் அதே தண்ணிதாங்க. எங்க வீட்டுக் குடத்துத் தண்ணி. கலியபெருமாள் மதில்ல ஓட்டை போட்டு, ரப்பர் டியூப்பு மாட்டிக் குடுத்தாரு. வீட்டுக்குக் குழாய் வந்துடும்னு நம்பி அந்தப் பக்கம் நின்னு ஊத்தினது நானு. இந்தப் பக்கம் நின்னு, எட்டிப் பாக்காம குடிச்சது நீங்க.”