வயிறு வேறை, மூளை வேறை

பட்டப்படிப்பை அரைவாசியில் விட்டவனைப் போல ஆபத்தான ஆள் கிடையாது. முழுதாகப் படித்தவனுக்குத் தனக்கு எது தெரியாதென்று தெரியும். எனக்கு அதுவும் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில், போரில் இடம்பெயர்ந்து வன்னியில் ஸ்கந்தபுரத்தில் இருந்தேன். கையிருப்பு, இரண்டு வருட விலங்கியல். பாதை பூட்டியதோடு, குளத்தில் விடத் தெற்கிலிருந்து வரும் மீன்குஞ்சும் நின்றுபோனது. குளத்திலேயே இடும் முட்டையை மற்ற மீன்கள் தின்றுவிடும்; குஞ்சு விடாவிட்டால், குளத்தை நம்பிய குடும்பங்களுக்கு அடுத்த வருடம் மீன் இல்லை.

"தம்பி, கெண்டையை இஞ்சையே குஞ்சு பொரிக்கப் பண்ணேலாதோ?" மீனவர் சங்கத் தலைவர் கந்தையா அண்ணை கேட்டார்.

"ஓம் அண்ணை. ஒரு ஊசி போதும்." (அதுவரை நான் ஊசி போட்ட ஒரே உயிர், ஏற்கெனவே செத்திருந்த தவளை.)

முட்டையிடும் காலம் நெருங்க, மீனின் மூளை தன் அடியிலுள்ள கபச்சுரப்பிக்குக் கட்டளை அனுப்பும். மிளகளவும் இல்லாத அந்தச் சுரப்பியில் முட்டையிடத் தூண்டும் ஓமோன் நிறையும். அதை எடுத்து அரைத்துத் தாய்மீனுக்கு ஏற்றினால் முட்டையிடும். இவ்வளவும் படித்திருந்தேன். காலம் முடிந்தால் சுரப்பி வெறுமையாகிவிடும் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது.

சுரப்பிக்குத் தலை வேண்டும். தேங்காய்ப்பால் சொதியில் மீன்தலை வீட்டுக்காரருக்கு உரியது. என்னை நம்பி ஒரு கிழமை முழுக்க ஊரே அதை விட்டுக்கொடுத்தது.

குளக்கரையில் மீன் வெட்டியவள் ஜெசிந்தா. முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து வந்த குடும்பம். தலைகளை என் வாளியில் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"டொக்டர், இதெல்லாம் முதல் மழையோட சினை விட்ட மீன். வயிறு தளர்ந்து கிடக்கு, பாருங்கோ. தலைக்குள்ள மட்டும் என்ன மிஞ்சியிருக்கப் போகுது?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"வயிறு வேறை, மூளை வேறை," என்றேன்.

இரண்டு சீமெந்துத் தொட்டிகளில் இன்னும் சினை விடாத இரண்டு தாய்மீன்கள், துணைக்கு ஆண்மீன்கள். அரைத்தது ஒன்றுக்குத்தான் போதுமாயிருந்தது. ஊரே பார்த்து நிற்க ஊசியைக் குத்தினேன். மீன் வாலால் ஓர் அறை விட்டது. என் மூக்குக்கண்ணாடி தொட்டிக்குள் போனது.

இரண்டு நாளாகியும் மீன் அசையவில்லை.

"ஏன் தம்பி, பேசாமல் நிக்குது?"

"ஓமோன் ஏறுது அண்ணை."

"ஒரு கிழமையா என்ரை சொதியில தலை இல்லை. அதையாவது மீனுக்குச் சொன்னனீரோ?"

மூன்றாம் நாள் வானம் இருண்டது. மழைத்தண்ணீர் மருந்தைக் கெடுத்துவிடுமென்று, ஊசி போட்ட மீனின் தொட்டியைத் தகரத்தால் மூடினேன். மற்றத் தொட்டியை யாரும் மூடவில்லை. ஜெசிந்தா அதற்குள் கழுவிய பாசியைப் போட்டுவிட்டுப் போனாள். இரவிரவாக மழை கொட்டியது.

விடியப் போய்ப் பார்த்தால், அவளுடைய பாசி முழுக்கச் சவ்வரிசியைப் போல முட்டை. புதுத்தண்ணீர் பட்டதும் அந்த மீனின் மூளை தன் வேலையைத் தானே பார்த்திருக்கிறது. தகரத்துக்கடியில் என்னுடைய மீன் மழை வந்ததே தெரியாமல் கிடந்தது.

குளத்துக்குக் குஞ்சு கிடைத்துவிட்டது. கந்தையா அண்ணை ஏசவில்லை. தகரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தம்பி, அந்தத் தகரத்தைக் கழட்டும். கூரைக்கு உதவும்."

பிறகு நான் பத்திரிகையில் சேர்ந்தேன். ஜெசிந்தாவைக் கல்யாணம் செய்தேன். கட்டுரை நகராமல், பசியில் நான் எரிந்து விழும் நாட்களில், அவள் மகளைக் கூப்பிட்டுச் சொல்வாள்: "அப்பான்ரை சோத்துக் கோப்பையை மூடி வை பிள்ளை. அவருக்கு வயிறு வேறை, மூளை வேறை."

எங்கள் வீட்டுச் சொதியில் மீன்தலை அவளுக்குத்தான். கேட்க எனக்கு வாயில்லை.