கென்யாவுக்கு முன்பே தெரிந்தவர்

முன்பே தெரிந்தவர் என்று ஓர் இனம் உண்டு. உலகத்தில் எவர் எதைக் கண்டுபிடித்தாலும், செய்தி ஊருக்குள் வந்து சேர்வதற்குள் அது தனக்குப் பழசாகிவிட்டதாகச் சொல்கிறவர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். எங்கள் பேச்சிப்பாறை மலையடிவாரத்துக்கு வாய்த்தவர் யேசுதாசன்.

ராஜையனின் டீக்கடையில் காலைச் செய்தித்தாளைப் பிரிக்கும்போது அவர் இருந்தாக வேண்டும். கொஞ்ச காலமாக அவருக்கு ஆப்பிரிக்கா வாகாக அமைந்துவிட்டது. தான்சானியாவில் பெரிய எலிகளைப் பழக்கி, சளியை மோந்து காசநோயைக் காட்டவைக்கிறார்கள் என்று ராஜையன் வாசித்தால், "நம்ம வீட்டு எலிக்குக் கருவாடு எந்தப் பானையில இருக்குன்னு தெரியல்லியா? பண்டே உள்ளதாக்கும்" என்பார். மொராக்கோவில் கிடைத்த மனித எலும்புகளுக்கு மூன்று லட்சம் வயது என்றால், "அதுக்கும் கூடவே இருக்கும்" என்பார், மண்வெட்டியோடு உடன் போனவரைப் போல. கென்யாவில் யானைகள் ஒன்றையொன்று பெயர் மாதிரியான ஒலியால் கூப்பிடுகின்றன என்றபோது மட்டும் சற்றுத் தயங்கினார். என்னென்ன பெயர் என்று எவனாவது கேட்டுவிட்டால்? எவனும் கேட்கவில்லை. "இதுவும் தெரிஞ்சதுதான்" என்றார்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை, யானை வரும்வரை.

செல்லக்கனியின் வாழைத்தோட்டம் காட்டின் ஓரத்தில் இருக்கிறது. மட்டி வாழையும் செவ்வாழையும் குலைதள்ளி நின்ற சமயத்தில் யானைகள் இறங்கிப் பாதித் தோட்டத்தைத் தின்றும் மிதித்தும் போயின. வெடி போட்டார்கள், தகரம் தட்டினார்கள். யானைகள் அதைத் திருவிழாவாக எடுத்துக்கொண்டன. மிச்சமும் போனால் வாழை விவசாயத்தையே விட்டுவிடுவது என்று செல்லக்கனி முடிவு கட்டியிருந்தாள்.

அவளுடைய மருமகள் பெமிலா கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவள். ரப்பர் தோட்டங்களில் தேன்பெட்டி வைத்திருப்பவர்களிடம் பெட்டி இரவல் கேட்டு அவள் டீக்கடைக்கு வந்தாள். கென்யாவில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள், யானைக்குத் தேனீ என்றால் பயம், வயலைச் சுற்றிப் பெட்டிகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டால் யானை கம்பியில் முட்டியதும் பெட்டி ஆடும், தேனீ கிளம்பும், யானை திரும்பும் என்றாள்.

"இது எனக்குப் பண்டே தெரியும்" என்றார் யேசுதாசன்.

"அப்பம் தோட்டம் போறதுக்கு முன்ன ஏன் மாமா சொல்லல்ல?"

ராஜையன் டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"யாரும் கேக்கல்லியே மக்கா."

"இப்பம் நான் கேக்கேன். நீங்களே முன்ன நின்னு செஞ்சு தாங்க. நம்ம ஊருத் தேனீ ஆப்பிரிக்காத் தேனீ மாதிரி கோவக்காரி இல்ல. நடக்குமோ என்னமோ, வச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்ற வாக்கியத்தை யேசுதாசன் வாழ்நாளில் சொன்னதில்லை. ஆனாலும் தலைமைப் பொறுப்பை யார் வேண்டாம் என்பார்கள்? கம்பு நடுவது, கம்பி இழுப்பது, பெட்டி தூக்குவது எல்லாவற்றையும் அவரே நின்று நடத்தினார். முகவலை போடச் சொன்னபோது, "தேனீக்கு ஆளைத் தெரியும்" என்று மறுத்தார். தெரிந்துதான் இருந்தது. மற்ற எல்லாரையும் விட்டுவிட்டு நேரே அவர் மூக்கைத் தேடி வந்தது.

வீங்கிய மூக்கோடு அவர் கடைசிக் கட்டளையையும் இட்டார். "ஓடைப் பள்ளத்துப் பக்கம் பெட்டி வேண்டாம். யானை பள்ளத்துல இறங்காது."

பெமிலாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் பெட்டியும் தீர்ந்திருந்தது.

சில நாள் கழித்து, விடிந்ததும் செல்லக்கனி போய்ப் பார்த்தாள். பெட்டி தொங்கிய பக்கத்தில் கால்தடங்கள் கம்பிவரை வந்து திரும்பியிருந்தன. திரும்பி, ஓடைப் பக்கமாகச் சுற்றி, பள்ளத்தில் இறங்கி, செவ்வாழைக்குள் ஏறியிருந்தன. சாய்ந்து கிடந்த வாழைகளுக்கு நடுவே உட்கார்ந்தவள், யேசுதாசன் வந்ததும் கேட்டாள்.

"அண்ணே, பள்ளத்துல இறங்காதுன்னு சொன்னியளே."

சுற்றி நின்றவர்கள் வழக்கமான பதிலுக்குக் காத்திருந்தார்கள். யேசுதாசன் பள்ளத்தில் இறங்கி அந்தத் தடங்களைப் பார்த்துவிட்டு ஏறி வந்தார்.

"எனக்குத் தெரியாம சொல்லிட்டேன் செல்லக்கனி" என்றார்.

நேரே வீட்டுக்குப் போனார். தன் ரப்பர் மரங்களுக்கு இடையில் இருந்த பெட்டிகளை, இரவல் கேட்டபோது எடுத்துக் கொடுக்காத பெட்டிகளை, ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து பள்ளத்தின் குறுக்கே தொங்கவிட்டார். இந்தத் தடவை முகவலை போட்டிருந்தார்.

யானைகள் மறுபடியும் வந்தன. பள்ளத்துக் கம்பியிலும் திரும்பின. மிச்சமிருந்த குலைகள் முற்றி, வெட்டிச் சந்தைக்குப் போயின. "அப்பம் ஜெயிச்சாச்சு இல்லியா?" என்று செல்லக்கனி கேட்டதற்கு, "ஒரு தோட்டத்தப் பாத்து அப்படிச் சொல்லப்பிடாது அத்தே, இன்னும் பாக்கணும்" என்றாள் பெமிலா. செல்லக்கனிக்கு அந்த ஆராய்ச்சிக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. நல்ல செவ்வாழைக் குலை ஒன்றை யேசுதாசன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள்.

அவர் திருந்திவிட்டாரா என்கிறீர்களா? அந்தக் குலை பழுக்கும்வரை திருந்தியிருந்தார். பிறகு ராஜையனிடம், "யானை பள்ளத்துல இறங்குமோன்னு எனக்குப் பண்டே ஒரு சம்சயம் உண்டு, கேட்டியா" என்றார். ராஜையன் டீயை நீட்டினார்.

அவரைப் பார்த்து நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால், யானைக்குத் தேனீ என்றால் பயம் என்று பெமிலா சொன்ன இடத்தில் நீங்கள், ஆமாம் ஆமாம் என்பதுபோல் லேசாகத் தலையாட்டினீர்களே, அதை நான் கவனிக்கவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.