கழுத்தில் தொங்கும் அண்ணன் பெயர்

என் மரியாதைக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய அண்ணி அவர்களுக்கு,

உங்கள் கொழுந்தன், அதாவது ஊரெல்லாம் கேட்க விசில் ஊதும் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், அட்டென்ஷனில் நின்று எழுதும் கடிதம். அங்கே நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம். இதில் ‘சுகம்’ என்பதில் சந்தேகமில்லை, ‘நானும்’ என்பதில்தான் கொஞ்சம் இடிக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். போனில் சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று உங்கள் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரி, கேட்பாள். போன வருஷத்திலிருந்து வீட்டில் போன் மணி அடித்தாலே நீங்கள் எழுந்து சமையலறைக்குள் போய்விடுகிறீர்கள், பிள்ளைகள்தான் எடுக்கிறார்கள். பிள்ளைகளிடம் சொல்லும் சங்கதியா இது? அதனால் எழுதுகிறேன். வாக்கியங்கள் வரிசையில் நிற்காவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், பையன்களே என் பேச்சைக் கேட்டு நின்றதில்லை.

முதலில் நீங்கள் கேட்டனுப்பியதற்குப் பதில். அண்ணன் போன வருஷம், இப்போது நான் வந்திருக்கும் இதே ஆராய்ச்சி மாநாட்டில், மேடை ஏறுவதற்கு முன்னால் உங்களுக்குப் போன் செய்து, ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பேசி முடித்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், பேச்சின் பாதியில் மேடையிலேயே சரிந்தார். மாரடைப்பு. திரும்பக் கூப்பிடவே இல்லை. அந்த விஷயம் என்ன, அந்த விஷயம் என்ன என்று ஒரு வருஷமாக நீங்கள் சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் உருகிப்போனது எங்கள் எல்லாருக்கும் தெரியும். ‘யார்கிட்டயாவது சொல்லியிருப்பார் தம்பி, விசாரிச்சுட்டு வாங்க, அது தெரியாம எனக்கு நிம்மதி கிடையாது’ என்று சொல்லித்தான் என்னை அனுப்பினீர்கள், அண்ணன் பெயரில் இவர்கள் கொடுக்கும் நினைவுக் கேடயத்தை வாங்குவதெல்லாம் ஒரு சாக்கு. அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் போனில் வேறு என்ன பேசிக்கொண்டீர்கள் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. புருஷன் பெண்டாட்டி பேச்சில் நான் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும்? நீங்கள் சொன்னபடி ஆள் ஆளாகப் பிடித்து விசாரித்துவிட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. வெறும் கையோடு வரப்போகிறேன் அண்ணி.

இனி நடந்த கூத்தைக் கேளுங்கள். வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் நான் இன்னாருடைய தம்பி என்று சொன்னேன். பாவம், கண் கலங்கிவிட்டாள். எழுந்து நின்று அனுதாபம் சொன்னாள், சொல்லிக்கொண்டே பெட்டிக்குள் கையை விட்டு அண்ணன் பெயர் போட்ட அட்டையை எடுத்து என் கழுத்தில் மாட்டிவிட்டாள். இது என் பெயர் இல்லையம்மா என்றேன். அண்ணன் போன வருஷமே இந்த வருஷத்துக்கும் சேர்த்துப் பதிவு செய்துவிட்டாராம், கம்ப்யூட்டரில் அந்தப் பெயர்தான் இருக்கிறதாம், மாற்றினால் மூன்று வேளைச் சாப்பாடும் செல்லாதாம். சாப்பாடு என்றதும் நான் வாயை மூடிக்கொண்டேன். அங்கேதான் பிடித்தது சனியன். ஏனென்றால் இந்த மாநாட்டுக்காரர்கள் எதிரே வரும் ஆளின் முகத்தைப் பார்ப்பதே கிடையாது. கண் நேராக மார்புக்குப் போகும், அட்டையைப் படிக்கும், அதற்குப் பிறகுதான் வாய் சிரிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும். அட்டை திரும்பித் தொங்கினால் பெற்ற தாயைக்கூட இவர்களுக்கு அடையாளம் தெரியாது.

இத்தனைக்கும் அண்ணன் போய்விட்டார் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். மாநாட்டுத் தலைவர் இருக்கிறாரே (தலையில் ஒரு முடி கிடையாது, நான் மனதுக்குள் மொட்டை என்று பெயர் வைத்துவிட்டேன், நீங்கள் வெளியே சொல்லிவிடாதீர்கள்) அண்ணன் சரிந்தபோது ஓடிப்போய்த் தாங்கியவர் அவர்தான். காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார். காபி இடைவேளையில் வந்து அட்டையைப் பார்த்துவிட்டு, உங்கள் அண்ணன் போன வருஷம் சொன்ன மாதிரி என்று ஏதோ ஆரம்பித்தார். மதியம் தட்டோடு நிற்கும்போது, நீங்கள் போன வருஷம் சொன்ன மாதிரி என்றார். சரி, வாய் தவறிவிட்டது, வயசான மனுஷன் என்று விட்டேன். சாயங்காலத்துக்குள் எல்லாருக்கும் ஒன்றுபோல வாய் தவற ஆரம்பித்துவிட்டது. திருத்தினால் தலையை ஆட்டுகிறார்கள், ஆட்டிவிட்டு மறுபடியும் அட்டையைப் பார்க்கிறார்கள்.

அண்ணனிடம் ஆராய்ச்சி செய்த பெண் ஒருத்தி இருக்கிறாளே, வீட்டுக்குக்கூட வந்து அழுதுவிட்டுப் போனாள், அவள்தான் எனக்குச் சுற்றிக் காட்டினாள். நம் உடம்பில் செல் செல்லாக இருப்பது மட்டும் இல்லையாம், செல்லுக்கு வெளியே நூல் நூலாக ஒரு வலை இருக்கிறதாம், அதைப் பற்றித்தான் இந்த மாநாடே. வீட்டில் அண்ணன் அதைச் ‘சாரம்’ என்பாரே, கொத்தனார் ஏறி நிற்கக் கட்டுகிற சாரம் மாதிரி. ஒரு மேசையில் கண்ணாடி ஜாடிக்குள் ஏதோ மிதந்தது. பன்றியின் இதயமாம். சோப்புத் தண்ணீரை உள்ளே ஓட விட்டு ஓட விட்டு செல்லையெல்லாம் கழுவி எடுத்துவிட்டார்களாம், மிச்சம் நிற்பது சாரம் மட்டும். துவைத்துத் துவைத்து வெளுத்த பனியன் நிறத்தில் இருந்தது. இதற்குள் வேறு எங்கிருந்தோ எடுத்த செல்லைக் கொண்டுவந்து விட்டால், அது அந்தந்த இடத்தில் போய் உட்கார்ந்து, மெள்ள மெள்ள இதயமாகவே மாறித் துடிக்க ஆரம்பித்துவிடும் என்றாள். வந்த செல்லுக்குத் தான் யார் என்பது மறந்து போகாதா என்று கேட்டேன். ‘செல்லுக்குத் தான் யாருன்னு எங்க சார் தெரியும்? உட்கார்ற இடம்தான் அதைச் சொல்லிக் குடுக்கும்’ என்றாள். நான் விடுவேனா? லீடர் பெஞ்சில் உட்கார்ந்தவனெல்லாம் லீடர் ஆகிவிட்டானா, எத்தனை தறுதலைகளை நான் பார்த்திருக்கிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை, அட்டையைப் பார்த்து என்னமோ யோசித்துக்கொண்டு நின்றாள்.

அரங்கத்தில் எல்லாரும் சேர்ந்து என்னை முன்வரிசை ஓரத்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அண்ணன் வருஷா வருஷம் அதில்தான் உட்காருவாராம், மற்றவர்கள் அதில் உட்காருவதில்லையாம். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பக்கத்து ஆள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என்னவென்று குனிந்து பார்த்தால் என் வலது கால் ஆடிக்கொண்டிருக்கிறது. அண்ணனுக்குத்தான் அந்தப் பழக்கம், அம்மா காலிலேயே ஒன்று வைப்பாள். நான் பிள்ளைகளை வெயிலில் ஆடாமல் அசையாமல் நிற்க வைத்துச் சம்பளம் வாங்குகிறவன், எனக்கு ஏது கால் ஆட்டும் பழக்கம்? கையால் அழுத்திப் பிடித்தேன். விட்டால் ஆடுகிறது. பிறகு காபி. எனக்குச் சர்க்கரை கரண்டி கரண்டியாகப் போட்டால்தான் காபி, அதற்காக நீங்களே எத்தனை தடவை முகம் சுளித்திருக்கிறீர்கள். இங்கே கோப்பையைக் காலி செய்து வைத்த பிறகுதான் கவனிக்கிறேன், சர்க்கரை போடவே இல்லை. நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எனக்குப் பயம்.

அடுத்த நாள் நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள், நானும் முதலில் சிரித்தேன். ஒரு பெரிய கூடத்தில் ஆராய்ச்சிப் படங்களை ஆள் உயரத் தாளில் அச்சடித்து வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதைச் செய்தவரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், வீட்டுப்பாடம் எழுதாமல் வகுப்புக்கு வெளியே நிற்கிற பையன் மாதிரி. ஜனங்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு, காபியை ஒருவர் மேல் ஒருவர் சிந்திக்கொண்டு, வரிசை என்ற ஒன்றே கிடையாது. எனக்குக் கை துறுதுறுத்தது, விசில் வேறு இல்லை. பொறுக்க முடியாமல், பள்ளிக்கூடத்தில் கத்துவது போலவே, ‘கன்ட்ரோல் எங்கேய்யா? கன்ட்ரோலே இல்லையே’ என்று ஒரு சத்தம் போட்டேன். கூடமே அடங்கிவிட்டது. எனக்கு எதிரே படத்தோடு நின்றிருந்த ஆராய்ச்சியாளருக்கு முகம் வெளுத்துப்போனது. ஒரு சோதனை செய்தால் அதோடு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் செய்யாத இன்னொன்றைப் பக்கத்தில் வைக்க வேண்டுமாம், அதற்கு இவர்கள் பாஷையில் கன்ட்ரோல் என்று பெயராம், அந்த மனுஷர் அதை வைக்காமல் விட்டிருக்கிறார்! ஐயையோ, நான் கூட்டத்தைச் சொன்னேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. ‘ஜெல்லோட விறைப்பை எங்க அளந்தே? ஓரத்துலயா, நடுவுலயா? ஓரத்துல அளந்தா செல்லு பொய் சொல்லும்’ என்று என் வாய் சொன்னது. ஜெல் என்றால் தலைக்குத் தடவுவது என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது அண்ணி, பிள்ளைகள் மேல் ஆணை. பின்னால் யாரோ, ‘பழைய ஆள் திரும்பி வந்துட்டார்’ என்று சந்தோஷமாகச் சொல்வது காதில் விழுந்தது.

அப்புறம் மொட்டை என்னை ஓரமாக அழைத்துப் போனார். நிகழ்ச்சிநிரலில் நாளைக் காலையில் அண்ணனின் பேச்சு இருக்கிறது. போன வருஷம் பாதியில் நின்றது இன்னும் பாதியிலேயே நிற்கிறதாம், அதை அப்படியே விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனசு வரவில்லையாம். வந்து முடித்துக் கொடுங்கள் என்றார். ஐயா, நான் அவருடைய தம்பி, டிரில் மாஸ்டர், எனக்குத் தெரிந்ததெல்லாம் லெஃப்ட் ரைட் என்றேன். அவர் அன்பாக என் தோளைத் தட்டிக்கொடுத்து, மேடை என்றால் உங்களுக்கு எப்போதும் இருக்கிற பயம்தானே என்றார். எப்போது இருந்தது? யாருக்கு இருந்தது? எனக்குச் சுற்றிக் காட்டிய அந்த ஆராய்ச்சி மாணவி மடிக்கணினியைத் திறந்து அண்ணன் கடைசியாகக் காட்டிய படத்தைக் காட்டினாள். வெளுத்த வலை ஒன்று. நான் சும்மா இருந்திருக்கலாம். ‘அடுத்தது எலி’ என்றேன். அவள் பொத்தானை அழுத்தினாள். எலிதான் வந்தது.

அப்போதுதான் அவளிடம் உங்கள் விஷயத்தைக் கேட்டேன். அண்ணன் போனில் பேசும்போது அவள் பக்கத்தில்தான் நின்றிருக்கிறாள். என்ன பேசினார் என்று காதில் விழவில்லை, ஆனால் போனை வைத்த பிறகு அவர் முகம் நினைவிருக்கிறது என்றாள். ‘சிரிச்சுக்கிட்டேதான் சார் மேடை ஏறினீங்க.’ ஏறினார் என்று திருத்தினேன். தலையை ஆட்டினாள். இவ்வளவுதான் அண்ணி நான் உங்களுக்குக் கொண்டுவரும் செய்தி: சிரித்துக்கொண்டு போயிருக்கிறார். எனக்கு இது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. உங்களுக்கும் இருக்க வேண்டும்.

ஆகவே நான் தெளிவாக முடிவெடுத்துவிட்டேன். அட்டையைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டாயிற்று. நாளைக் காலை வண்டிக்கே டிக்கெட் போட்டுவிட்டேன், அவர்கள் மைக்கைத் தட்டிப் பார்க்கும் நேரத்தில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து சர்க்கரை போட்ட காபி குடித்துக்கொண்டிருப்பேன். எனக்கு ஒன்றும் இல்லை. புது இடம், குளிரூட்டிய அறை, சரியான தூக்கம் இல்லை, அவ்வளவுதான். கழுத்தில் அந்த நாடா பட்ட இடம் மட்டும் அரிக்கிறது. பெரியவனைப் படிக்கச் சொல்லுங்கள், சின்னவளுக்கு என் முத்தங்கள், என் வீட்டுக்காரியிடம் நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நீங்கள் மனதைத் தேற்றிக்கொண்டு, நடந்தது நடந்துவிட்டது என்று நினைத்து, நேரத்துக்குத் தூங்கு. மன்னிக்கவும் அண்ணி, தூங்குங்கள். பேனா சறுக்கிவிட்டது.

உங்கள் நிழலில் வளர்ந்த பிள்ளையாக என்றும் தலை வணங்கும்,
கொழுந்தன்.

பின்குறிப்பு: இன்று காலையிலேயே தபாலில் போட்டிருக்க வேண்டியது, பேச்சு இருந்ததால் நேரம் கிடைக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து எடுத்து நல்லபடியாக முடித்துவிட்டேன், எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். தம்பி மேலே எழுதியிருப்பதையெல்லாம் மனசுல போட்டுக்காதே, அவன் சின்ன வயசிலிருந்தே பயந்தாங்கொள்ளி. அவன் வர இன்னும் நாளாகும்னு அவன் வீட்டுக்காரிகிட்ட பக்குவமா சொல்லிடு. ஏ கோவக்காரி, விஷயம்னு ஒண்ணுமே இல்லடி. சின்னவ பொறந்தநாளுக்கு இருக்காம கிளம்பி வந்துட்டேன்னு அன்னைக்கு என்னை வறுத்து எடுத்துட்டு, இனிமே நான் கூப்பிட்டா எடுக்கவே மாட்டேன்னு சொன்னே. நீ சொன்னா செய்யறவ, எனக்குத் தெரியாதா? விஷயம் இருக்குன்னு சொல்லி வெச்சா, அது என்னன்னு தெரிஞ்சுக்கவாவது எடுப்பியேன்னுதான் சொன்னேன். உன் குரலைக் கேக்கணும், வேற ஒண்ணும் இல்ல. நீ இதைப் படிச்சு முடிச்சதும் மணி அடிக்கும். உள்ள எழுந்து போகாதே. எடு.