அப்பாவை வழியனுப்பிய சுருதி

என் அப்பாவின் அடக்க ஆராதனைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது. அழுததால் என்று ஊர் நினைத்தது. உண்மையில் அது என் கைங்கரியம்.

அப்பா ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்ச்சில் எந்தப் பாட்டையும் யாருக்கும் எட்டாத உயரத்தில் எடுத்துவிட்டு மூச்சு வாங்குவார். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா முறைத்து, அடுத்த சரணத்தைத் தணித்து எடுப்பாள். "நீ கீபோர்டு வாசிடா, சுருதியாவது நிக்கும்" என்று பல வருஷம் என்னைக் கேட்டார். எனக்கு ஆபீஸ் இருந்தது (ஞாயிற்றுக்கிழமைத் தூக்கமும்).

அவர் போனதும் பாட்டுப் பொறுப்பை நானே பிடுங்கிக்கொண்டேன். ஐந்து பாட்டு, சுருதி, சரணம் எல்லாம் எக்ஸெல்லில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். (சாவு வீட்டில் எக்ஸெல்! ஐ.டி.காரன் புத்தி.) அம்மா இரண்டு நாளாக அழவும் இல்லை, பேசவும் இல்லை. அப்பாவுக்குப் பிடித்த பாட்டைப் பிசகில்லாமல் வாசித்தால் அவள் மனம் இளகும் என்று நம்பினேன்.

கள்ளிக்குப்பம் வீட்டு வாசலில், ஞாயிறு பள்ளியிலிருந்து இரவல் வாங்கிய கீபோர்டில் ஆரம்பித்தேன். ஏதோ உச்சத்தில் கேட்டது. பதற்றம் என்று நினைத்தேன். பிள்ளைகளுக்காக டீச்சர் சுருதியை ஐந்து படி ஏற்றி வைத்திருந்தார். அதற்கென்று ஒரு பட்டன் இருப்பது என் எக்ஸெல்லில் இல்லை.

சபை பாடியது. கழுத்து நரம்புகள் புடைத்தன. போதகர் வாயை மட்டும் அசைத்தார். அப்பாவோடு ஷிப்ட் பார்த்த தேவராஜ் அங்கிள் குனிந்து, "இன்னா நைனா இது, ஏணி போட்டாக்கூட எட்டாது போலக்கீதே" என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் கத்தினார். ஒருவர்கூடப் பாட்டை விடவில்லை. எனக்காக அத்தனை பேர் தொண்டையைக் கிழித்துக்கொண்டதை நினைத்தால் இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அப்போது பெட்டியருகே ஒரு சிரிப்பு கேட்டது. அம்மா! முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். "அவரே வந்து எடுத்துக் குடுத்த மாரி கீதுடா" என்றாள். சிரிப்பு அழுகையானது. அழுது ஓய்ந்ததும் என்னை முறைத்தாள். நான் கையை எடுத்துவிட்டேன். அடுத்த சரணத்தை அவளே தணித்து எடுத்தாள்.

இப்போது வீட்டில் பிறந்தநாள் பாட்டுக்கு முன்னால்கூட, "பட்டனப் பாத்தியா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். அம்மா மட்டும் கேட்பதில்லை. அப்பாவின் நினைவு நாளில் என்னைக் கீபோர்டு முன் உட்கார வைத்துச் சொல்வாள்: "மொத சரணம் அன்னிக்கி மாரியே ஒசத்தி வாசிடா. அப்பால நான் எறக்கிக்கிறேன்."