மின்சாரத்தின்படி ஆள் இல்லை

இத்தாலியில், பலெர்மோ நகரின் சீசாப் பகுதியில், மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் அந்தோனிமுத்து, மின்சாரக் கட்டணம் தொடர்பாக வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த முடிவொன்றை எடுத்தார். கரண்ட் கொம்பனியில் இரண்டு திட்டம். ஒன்றில் மாதாமாதம் நிலைக்கட்டணம். பாவித்தாலும் கட்டவேணும், பாவிக்காவிட்டாலும் கட்டவேணும். மற்றதில் நிலைக்கட்டணம் இல்லை, ஆனால் ஒவ்வொரு யூனிட்டும் யானை விலை.

"தொட்டால்தானே விலை? தொடாமல் விடுவம்," என்றார் மனைவி செலஸ்ரீனாவிடம்.

"இஞ்சாருங்கோ, அப்ப சோறு?"

"சினோறா வீட்டிலை அடுப்பில்லையோ?"

அதுவும் நியாயம்தான். இரண்டு பேரும் விடிய வெளிக்கிட்டு சினோறாமார், அதாவது இத்தாலிய எசமானியம்மாமார், வீடுகளில் கூட்டித் துடைத்துச் சமைக்கிறவர்கள். போன் அங்கேயே சார்ஜ் ஏறியது, உடுப்பும் அங்கேயே அயர்ன் ஆனது. தெருவிளக்கு யன்னலால் இலவசமாய் வந்தது. ஃபிரிட்ஜின் பிளக்கைக் கழற்றிவிட்டு உள்ளே செருப்பு, சப்பாத்து அடுக்கினார்கள். பில் பூச்சியமாய் வந்த அன்று அவருக்கு வந்த சந்தோஷப் புளுகம் சொல்லி மாளாது. பூசை முடிய அதைக் காட்டினபோது, கபோச் சந்தையில் மீன்கடையில் நிற்கிற கொட்வினுக்கு வயிறு எரிந்தது.

பிறகுதான் பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற நாள் வந்தது. வதிவிடத்தை உறுதிப்படுத்திக்கொண்டு வா என்றார்கள். அது இல்லாவிட்டால் பெர்மெசோ இல்லை. பெர்மெசோ இல்லாவிட்டால் வேலையும் இல்லை, பலெர்மோவும் இல்லை. அந்தோனிமுத்து 'வதிவிட உறுதிப்பாட்டுப் பிரிவு' என்ற இடத்தில் போய் நின்றார். அதிகாரி கணினியைப் பார்த்தார், இவரைப் பார்க்கவில்லை.

"அந்த வீட்டில் எவரும் வசிக்கவில்லை."

"நான் இருக்கிறன், சினோர்."

"மின்சாரத்தின்படி இல்லை. வசிக்கும் மனிதனுக்கு ஒரு ஃபிரிட்ஜாவது ஓடும்."

"ஃபிரிட்ஜ் இருக்கு. சப்பாத்து வைச்சிருக்கிறன்."

"நேற்று இரவு எங்கே படுத்தீர்கள்?"

"அங்கைதான்."

"அப்படியானால் ஆளில்லாத வீட்டுக்குள் புகுந்திருக்கிறீர்கள். அதற்கு வேறு பிரிவு இருக்கிறது."

ஆனாலும் அதிகாரி இரக்கமுள்ள மனிதர். வியாழக்கிழமை நேரில் வந்து பரிசோதிப்பதாக உறுதியளித்தார்.

வியாழக்கிழமை வீடு கலியாண வீடாகியது. கரண்ட் அடுப்பு, அயர்ன், வோஷிங் மெஷின், ஹீற்றர், மாதா படத்துக்குக் கலர் பல்ப், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடின. மூன்று கிலோவாற் மீற்றர், பாவம், எவ்வளவுதான் தாங்கும்? அதிகாரி படியேறவும் அது விழுந்து, வீடு முழுக்கக் கரண்ட் நின்றது. அவர் மணியை அமத்தினார், அடிக்கவில்லை. செலஸ்ரீனா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

"மணிக்குப் பதில் இல்லை," என்றார் அதிகாரி, அவளைப் பார்த்தே.

"ஐயோ சினோர், நாங்கள் முன்னாலை நிக்கிறமே!" என்றார் அந்தோனிமுத்து.

"விதி மணியைப் பற்றித்தான் சொல்கிறது. இதில் கையெழுத்து வையுங்கள்."

"என்னெண்டு?"

"வீட்டில் ஆள் இல்லை என்று. வீட்டில் உள்ளவர்தான் உறுதிப்படுத்த வேண்டும்."

வந்த நாள் தொடக்கம் காட்டின இடத்தில் கையெழுத்து வைத்துப் பழகின கை. வைத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "என்ரை சீவியமே போச்சு, கொட்வின். இந்த ஊரிலை நான் இல்லையாம்."

கொட்வின் அவரைக் கிட்ட இழுத்தான். "அப்ப, அண்ணை, குப்பை வரி?"

"ஆளில்லாத வீட்டுக்கு என்ன குப்பை? அதையும் நிப்பாட்டிப்போட்டினம்."

வாசலில் நின்ற சனம் முழுதும் கதையை விட்டுவிட்டுத் திரும்பியது. "அண்ணை, நீங்கள் எந்தக் கரண்ட் பிளான் எடுத்தனீங்கள்?"

இரண்டு மாதத்தில் அந்தப் பிரிவின் வாசல் நிரம்பி வழிந்தது. எல்லோர் கையிலும் பூச்சியப் பில். குப்பை வரியும் நிற்க, எல்லோருக்கும் தாங்கள் இல்லை என்று எழுதி வாங்கவேணும். தான் இருக்கிறேன் என்று இன்னொரு தரம் சொல்லிப் பார்க்க அந்தோனிமுத்துவும் அன்று வந்து வரிசையில் புகுந்தார்.

கொட்வின்தான் முதலில் சத்தம் போட்டான். "இல்லாத ஆள் ஏன் அண்ணை இடிக்கிறியள்? பின்னுக்குப் போங்கோ!"